எந்தத் துப்பாக்கி? எந்தத் தோட்டா?

(காஞ்சிபுரம் ஒலிமுகமது பேட்டையில் நடைபெற்ற நகரக் கிளைக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

  

இன்றைய தலைப்பைப் பார்த்துவிட்டுச் சிலர் முகம் சுளித்தார்கள் என்று கேள்விப்பட்டேன். "மவ்லவி ஜகாத்தைப் பற்றிப் பேசுவார், வட்டியைப் பற்றிப் பேசுவார், துப்பாக்கித் தோட்டாவைப் பற்றி இவருக்கு என்ன தெரியும்?" என்று கேட்டார்களாம். நியாயமான கேள்விதான்! நான் துப்பாக்கியைத் தொட்டவன் அல்ல. தொடும் ஆசையும் இல்லை. ஆனால் தோட்டா யாருடைய உடம்பில் பாய்கிறது? நம்மைப் போன்றவர்களின் உடம்பில்தானே! 1997 நவம்பர் இறுதியில் கோவையில் போலீஸ் துப்பாக்கியாலும் கலகக்காரர்களின் கையாலும் 18 முஸ்லிம்கள் மாண்டார்கள். 2011 செப்டம்பர் 11 அன்று பரமக்குடியில் 6 பேர் மாண்டார்கள். அவர்கள் தலித் சகோதரர்கள். 2018 மே 22 அன்று தூத்துக்குடியில் ஸ்டெர்லைட் ஆலையை எதிர்த்து ஊர்வலம் போனவர்கள் மீது சுட்டார்கள், மறுநாளும் சுட்டார்கள். மொத்தம் 13 பேர். அதில் வெவ்வேறு மதத்தவரும், வெவ்வேறு சாதியினரும் இருந்தார்கள். தோட்டா யாரிடமும் சாதிச் சான்றிதழ் கேட்பதில்லை!

ஒவ்வொரு முறையும் நாம் என்ன கேட்கிறோம்? "ஏன் சுட்டார்கள்? யார் உத்தரவிட்டது? எத்தனை பேர் செத்தார்கள்? எவ்வளவு நஷ்டஈடு?" இவை எல்லாம் கேட்கப்பட வேண்டிய கேள்விகள்தான். ஆனால் ஒரு கேள்வியை நாம் கேட்பதே இல்லை. எந்தத் துப்பாக்கியால் சுட்டார்கள்? அதில் எந்தத் தோட்டா இருந்தது? எவ்வளவு தூரத்திலிருந்து? இந்தக் கேள்வியைக் கேட்காத காரணத்தால்தான், "முட்டிக்குக் கீழே சுட்டோம், தவறிப் பட்டுவிட்டது" என்று அவர்கள் சொல்லும்போது நாம் வாயடைத்து நிற்கிறோம். அந்தப் பதிலை எடைபோட வேண்டுமானால் தோட்டாவைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும்.

முதலில் வேகம். ஒரு பொருள் மோதும்போது எவ்வளவு சேதம் செய்யும் என்பது இரண்டைப் பொறுத்தது. ஒன்று எடை, இன்னொன்று வேகம். எடை இரண்டு மடங்கானால் சக்தி இரண்டு மடங்காகும். வேகம் இரண்டு மடங்கானாலோ சக்தி நான்கு மடங்காகும்! வேகம் மூன்று மடங்கானால் ஒன்பது மடங்கு! பள்ளிக்கூடத்தில் படிக்கும் பிள்ளைகளுக்கு இது தெரியும். வீட்டில் கேட்டுப் பாருங்கள்.

இப்போது கணக்கைப் பார்ப்போம். இன்ஸ்பெக்டர் இடுப்பில் செருகியிருக்கும் 9 மி.மீ. கைத்துப்பாக்கியின் தோட்டா சுமார் 8 கிராம். நொடிக்கு ஏறக்குறைய 350 மீட்டர் வேகத்தில் போகும். அதன் சக்தி சுமார் 500 ஜூல். எஸ்.எல்.ஆர். என்று ஒரு துப்பாக்கி உண்டு. ராணுவத்துக்காகச் செய்யப்பட்டது, 1960களிலிருந்து நம் ராணுவத்தின் கையில் இருந்து, பிறகு போலீஸ் கைக்கு வந்து சேர்ந்தது. அதன் 7.62 மி.மீ. தோட்டா ஒன்பதரை கிராம்தான். எடையில் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் வேகம் நொடிக்கு 830 மீட்டருக்கும் மேல்! சக்தி சுமார் 3,300 ஜூல். கைத்துப்பாக்கியைப் போல ஆறேழு மடங்கு! ஜூல் என்றால் புரியாதவர்களுக்குச் சொல்கிறேன். ஐம்பது கிலோ அரிசி மூட்டைகள் ஆறரையை ஒன்றாகக் கட்டித் தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரத்துக்குத் தூக்க எவ்வளவு சக்தி வேண்டுமோ, அவ்வளவு சக்தி அந்தச் சுண்டுவிரல் நுனி அளவு உலோகத்துக்குள் அடைந்து கிடக்கிறது. அது ஒலியைவிட இரண்டு மடங்குக்கும் மேலான வேகத்தில் வருகிறது. ஆகவே சுடப்பட்டவன் வெடிச்சத்தத்தைக் கேட்பதற்கு முன்பே தோட்டா அவன் உடம்பில் பாய்ந்துவிடும்.

இந்தச் சக்தி உடம்புக்குள் என்ன செய்கிறது? மெதுவாக வரும் தோட்டா, தான் போகும் வழியில் ஒரு துளை போடுகிறது. அந்தத் துளையில் ரத்தக்குழாயோ இதயமோ இருந்தால் மனிதன் சாகிறான், இல்லாவிட்டால் பிழைக்கிறான். வேகமாக வரும் தோட்டாவோ துளையோடு நிற்பதில்லை. குளத்தில் கல்லெறிந்தால் தண்ணீர் நாலாபுறமும் விலகித் திரும்பக் கூடுகிறதே, அதுபோலச் சுற்றியுள்ள தசையை ஒரு கண நேரம் நாலாபுறமும் விரித்துத் தள்ளுகிறது. தோட்டாவின் பருமனைப் போலப் பல மடங்கு அகலத்துக்கு ஒரு வெற்றிடம் உண்டாகி உடனே சுருங்கிவிடும். தசை இழுபடக்கூடியது, நுரையீரலும் பஞ்சு போன்றது, அவை ஓரளவு தாங்கிக்கொள்ளும். ஈரல் தாங்காது. மூளை தாங்கவே தாங்காது. மண்டையோட்டுக்குள் விரிய இடம் ஏது? ஆகவே தலையில் பட்ட ரைபிள் தோட்டாவுக்கு மருத்துவம் என்று அநேகமாக ஒன்றும் இல்லை. எலும்பில் பட்டால் எலும்புச் சில்லுகளே சிறு தோட்டாக்களாகச் சிதறிப் பாய்கின்றன.

நம் ஊர்ப் பட்டுக்கும் இந்த வேகக் கணக்குக்கும் ஒரு பழைய உறவு உண்டு. பிள்ளையார்பாளையத்துத் தறிக்காரர்களுக்குக்கூட இது புதிய செய்தியாக இருக்கலாம். 1880களில் அமெரிக்காவில் டூம்ஸ்டோன் என்ற ஊரில் குட்ஃபெல்லோ என்ற அறுவை மருத்துவர் இருந்தார். சுடப்பட்டு இறந்த ஒருவனைச் சோதித்தபோது, அவன் சட்டைப்பையில் இருந்த பட்டுக் கைக்குட்டை கிழியாமல், தோட்டாவைப் பொதிந்தபடி காயத்துக்குள் போயிருந்ததைக் கண்டார். எலும்பு உடைந்தது, பட்டு கிழியவில்லை! இதை அவர் 1887ல் ஒரு மருத்துவக் கட்டுரையாகவே எழுதினார். சில ஆண்டுகள் கழித்து சிகாகோவில் ஜெக்லன் என்ற போலந்து நாட்டுப் பாதிரியார், பட்டை நெருக்கமாகப் பல அடுக்காக நெய்து தோட்டா துளைக்காத அங்கி செய்தார். ஊர் மேயர் 1893ல் சுட்டுக் கொல்லப்பட்டதைப் பார்த்துத்தான் அவருக்கு அந்த எண்ணம் வந்தது. அந்தக் காலத்துக் கைத்துப்பாக்கியின் மெதுவான ஈயத்தோட்டா, பட்டு அடுக்கில் பட்டதும் நசுங்கி நின்றுவிடும். (ஆண்களுக்குப் பட்டு ஹராம் ஆயிற்றே என்று கேட்காதீர்கள்! உடம்பில் அரிப்பு கண்ட இரண்டு தோழர்களுக்கே நபி (ஸல்) அவர்கள் பட்டுச் சட்டைக்கு அனுமதி தந்திருக்கிறார்கள். போர்க்களத்தில் அணிவதைப் பற்றி ஃபிக்ஹு நூல்களில் தனியாகவே பேசியிருக்கிறார்கள்.) ஆனால் அதே பட்டு அங்கி, புகையில்லா வெடிமருந்து வைத்த புதிய ரைபிள்கள் வந்ததும் பயனற்றுப் போயிற்று. பட்டு அப்படியேதான் இருந்தது, வேகம்தான் மாறியது.

வேகம் குறைந்தால் என்ன ஆகும் என்பதற்கு நம் மாவட்டத்திலேயே, அதாவது அந்நாளைய செங்கல்பட்டு மாவட்டத்திலேயே, தமிழ்நாடு மறக்காத ஒரு சான்று உண்டு. 1967 ஜனவரி 12 அன்று நந்தம்பாக்கம் ராமாவரம் தோட்டத்தில் எம்.ஜி.ஆர். சுடப்பட்டார். சுட்டவர் எம்.ஆர்.ராதா. அவரும் தம்மைச் சுட்டுக்கொண்டார். மிக அருகிலிருந்து சுட்டது. ரிவால்வரோ பருமனான 0.45 அங்குலத் தோட்டா போடுவது. இருவருமே பிழைத்துக்கொண்டார்கள்! எம்.ஜி.ஆரின் கழுத்தில் தோட்டா தங்கியது. குரல் போயிற்று, உயிர் போகவில்லை. இது எப்படி? தடய அறிவியல் நிபுணர் சொன்ன விளக்கம் இதுதான்: தோட்டாக்கள் மிகப் பழையவை. மேஜை இழுப்பறையில் ஒரு டப்பாவுக்குள் கிடந்து, இழுப்பறையைத் திறக்கும்போதும் மூடும்போதும் உருண்டு உருண்டு தேய்ந்து, உறையின் பிடிப்பு தளர்ந்துபோயிருந்தன. பிடிப்பு தளர்ந்தால் வெடிமருந்தின் அழுத்தம் முழுதாகச் சேராது. அழுத்தம் சேராவிட்டால் வேகம் வராது. தமிழ்நாட்டின் அரசியலையே திருப்பிய ஒரு சம்பவம், ஒரு மேஜை இழுப்பறையின் ஆட்டத்தில் தொங்கியிருக்கிறது!

ஆனால் சகோதரர்களே, "வேகம்தான் எல்லாம்" என்று நினைத்துவிடாதீர்கள். இங்கேதான் தோட்டாவின் வடிவம் வருகிறது. இதைப் புரிந்துகொள்ள வடமேற்கு எல்லைக்குப் போக வேண்டும். நம் மார்க்கச் சகோதரர்களான பட்டாணியர்களின் மலைக்கு.

பிரிட்டிஷ்காரனிடம் முதலில் மார்ட்டினி ஹென்றி என்ற துப்பாக்கி இருந்தது. சுமார் 31 கிராம் எடையுள்ள மொத்தையான ஈயத்தோட்டா. நொடிக்கு ஏறக்குறைய 410 மீட்டர். பிறகு 1888ல் லீ மெட்ஃபோர்ட் என்ற புதிய ரைபிள் வந்தது. அதன் தோட்டா 14 கிராம்தான். ஆனால் நொடிக்கு 600 மீட்டர். மோதும் சக்தி இரண்டுக்கும் ஏறத்தாழ ஒன்றுதான்! வித்தியாசம் என்ன? புதிய தோட்டா ஒல்லியானது. அதன் ஈயத்தை முழுக்க மூடிக் கெட்டியான உலோகக் கவசம் போட்டிருந்தது. 1895ல் சித்ராலில் சண்டை வந்தபோது, இந்தக் கவசத் தோட்டா மலைவாசிகளின் உடம்பில் ஊசிபோல நுழைந்து பின்னால் போய்விட்டது. தோட்டா பட்டவர்கள் ரத்தம் சொட்டச் சொட்ட மேலும் ஓடிவந்தார்கள். சக்தி இருந்தது, ஆனால் அதில் பெரும்பகுதியை உடம்புக்குள் விடாமல் தோட்டா தன்னோடு எடுத்துக்கொண்டு போய்விட்டது!

"இந்தத் தோட்டாவால் இவர்களை நிறுத்த முடியவில்லை" என்று சிப்பாய்கள் புகார் செய்தார்கள். கல்கத்தாவுக்குப் பக்கத்தில் டம்டம் என்ற இடத்தில் ஆயுதச் சாலை இருந்தது. இன்று கொல்கத்தா விமான நிலையம் இருக்கிறதே, அந்தப் பக்கம். அங்கே அதிகாரியாக இருந்த பெர்ட்டி கிளே என்பவர் தோட்டாவின் நுனியில் மட்டும் கவசத்தைக் கொஞ்சம் நீக்கிவிட்டார். உள்ளே இருக்கும் மெல்லிய ஈயம் வெளியே தெரிந்தது. அவ்வளவுதான் மாற்றம்! அந்தத் தோட்டா உடம்பில் பட்டதும் நுனி நசுங்கிக் காளான்போல விரியும். விரிந்த தோட்டா தன் சக்தி முழுவதையும் உடம்புக்குள் கொட்டிவிடும். அந்த ஊரின் பெயரே தோட்டாவின் பெயராகி, உலக அகராதிகளில் 'டம்டம்' என்று ஏறிவிட்டது. 1897-98ல் திராஹ் போரில் அஃப்ரீதிகள் மீது அதைப் பயன்படுத்தினார்கள். 1898ல் சூடானில் ஓம்துர்மான் களத்திலும் விரியும் தோட்டாக்கள் வந்தன. ஒரே காலைப்பொழுதில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட சூடானியர்கள் மாண்டார்கள். எதிர்த்தரப்பில் ஐம்பது பேர்கூட இல்லை. அதில் பெரும்பங்கு இயந்திரத் துப்பாக்கிக்கும் பீரங்கிக்கும் உரியது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

1899ல் ஹாலந்து நாட்டின் ஹேக் நகரில் வல்லரசுகள் கூடின. உடம்புக்குள் விரியும் தோட்டாவைப் போரில் தடை செய்ய வேண்டும் என்ற பேச்சு எழுந்தது. பிரிட்டிஷ் பிரதிநிதி ஆர்டா எழுந்து என்ன வாதாடினார் தெரியுமா? நாகரிகமடைந்த சிப்பாய் சுடப்பட்டால் தனக்குக் காயம் என்று உணர்ந்து ஒதுங்கிவிடுவானாம். காட்டுமிராண்டி அப்படியல்லவாம், துளைத்தாலும் வந்து வெட்டுவானாம். ஆகவே அவனுக்கு வேறு தோட்டா வேண்டுமாம்! யார் அந்தக் காட்டுமிராண்டி? தன் மலையைத் தன்னிடமே விட்டுவிடச் சொன்னவன்! தோட்டாவின் நுனியில் நீக்கிய அந்தச் சிறு துண்டுக் கவசத்துக்குப் பின்னால் ஒரு இனத்தைப் பற்றிய தீர்ப்பே இருந்தது. மாநாடு அந்த வாதத்தை ஏற்கவில்லை. 1899 ஜூலை 29 அன்று தடைப் பிரகடனம் வந்தது. பிரிட்டனும் 1907ல் ஒப்புக்கொண்டது.

ஒப்புக்கொண்டவன் என்ன செய்தான்? 1910ல் புதிதாக ஒரு 0.303 தோட்டா வந்தது. முழுக்கக் கவசம் உண்டு. பிரகடனத்தின் எழுத்துக்கு எந்தக் குறையும் இல்லை. ஆனால் உள்ளே நுனிப்பகுதியில் ஈயத்துக்குப் பதில் இலேசான அலுமினியம். அதனால் பின்பாகம் கனம், முன்பாகம் இலேசு. காற்றில் நேராகப் போகும். உடம்புக்குள் போனதும் குப்புறக் கவிழ்ந்து பக்கவாட்டில் உழுதுகொண்டு போகும்! விரியவில்லை, ஆனால் கிழிக்கிறது. அந்த 0.303 ரைபிளைத்தான் சுதந்திரத்துக்குப் பிறகும் நம் போலீஸ் பல பத்தாண்டுகள் சுமந்தது. உத்தரப் பிரதேச போலீஸ் 2020 ஜனவரியில்தான் அதற்கு விடை கொடுத்தது.

இதை அறிவியல் முறையில் சோதித்துக் காட்டியவர் அமெரிக்க ராணுவத்தின் அறுவை மருத்துவர் மார்ட்டின் ஃபேக்லர். 1980களில் மனிதத் தசைக்கு ஒப்பான பசைக் கட்டிகளில் சுட்டுச் சுட்டுப் பார்த்தார். ஒரே 7.62 மி.மீ. அளவு, ஏறத்தாழ ஒரே வேகம். அமெரிக்கத் தோட்டா உள்ளே போய்க் கவிழ்ந்தாலும் முழுசாக இருந்தது. மேற்கு ஜெர்மனியின் தோட்டாவோ துண்டு துண்டாகச் சிதறியது. காரணம், ஜெர்மன் தோட்டாவின் கவசம் மெல்லியது! ஆகவே "நாங்கள் அனுமதிக்கப்பட்ட தோட்டாவைத்தான் பயன்படுத்தினோம்" என்று ஒருவர் சொன்னால் அது பாதிப் பதில்தான். கவசம் எவ்வளவு கனம், எங்கே கவிழும், எங்கே உடையும் என்பதில்தான் மீதிப் பதில் இருக்கிறது.

இப்போது தூத்துக்குடிக்கு வருவோம்.

ஒரு விசித்திரத்தைக் கவனியுங்கள். போரில் தடை செய்யப்பட்ட விரியும் தோட்டாவை அமெரிக்கா, பிரிட்டன், ஜெர்மனி போன்ற நாடுகளின் போலீஸ் உள்ளூரில் பயன்படுத்துகிறது. அவர்கள் சொல்லும் காரணம், கவசத் தோட்டா குற்றவாளியைத் துளைத்துக்கொண்டு பின்னால் நிற்கும் அப்பாவி மீதும் பாய்ந்துவிடும். விரியும் தோட்டா முதல் உடம்பிலேயே நின்றுவிடும் என்பது. இந்த வாதத்தை ஏற்கலாம், மறுக்கலாம். எனக்கு அதில் திருப்தி இல்லை. ஆனால் அதில் ஒரு ஒப்புதல் வாக்குமூலம் இருக்கிறது: ராணுவ ரைபிளின் கவசத் தோட்டா கூட்டத்துக்குள் சுடப்பட்டால் ஒரு ஆளோடு நிற்காது! 1919 ஏப்ரல் 13 அன்று ஜாலியன்வாலா பாக்கில் சுட்டது 1,650 ரவுண்டு. அரசாங்கம் ஒப்புக்கொண்ட சாவே 379. நாலுபுறமும் சுவர், நடுவில் நெருக்கியடித்த ஜனம். ஒரு தோட்டா எத்தனை பேரைத் துளைத்திருக்கும் என்று யார் எண்ணினார்கள்?

தூத்துக்குடியில் பயன்படுத்தியவற்றில் எஸ்.எல்.ஆர். இருந்தது. எண்ணூறு மீட்டர் தூரத்துக்கும் அப்பால் கொல்லக்கூடிய துப்பாக்கி. எதிரே இருந்தது எதிரி நாட்டுப் படையல்ல. கலெக்டர் அலுவலகத்துக்கு மனுக் கொடுக்க வந்த ஜனம். சீருடை இல்லாத ஒரு போலீஸ்காரர் வேனின் கூரைமேல் ஏறிக் குறிபார்த்த காட்சியை நாடே தொலைக்காட்சியில் பார்த்தது. ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனம் பிரேதப் பரிசோதனை அறிக்கைகளைப் பார்த்துவிட்டு 2018 டிசம்பரில் எழுதியது என்ன? 12 பேர் தலையிலோ மார்பிலோ தோட்டா பாய்ந்து இறந்தார்கள். அவர்களில் பாதிப்பேருக்குப் பின்புறமிருந்து பாய்ந்தது. பதினேழு வயதுப் பெண் ஒருத்திக்குப் பின்தலையில் நுழைந்து வாய் வழியாக வெளியேறியது. இதற்குப் பெயர் முட்டிக்குக் கீழேயா?

ஓய்வுபெற்ற நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையம் 2022 மே மாதம் அறிக்கை தந்தது. அக்டோபரில் அது சட்டமன்றத்தில் வைக்கப்பட்டது. தப்பி ஓடியவர்கள் மீது சுட்டார்கள், மறைவிடத்திலிருந்து சுட்டார்கள், தேவையே இல்லாமல் சுட்டார்கள் என்று அந்த அறிக்கை சொன்னது. ஒரே காவலர் 17 ரவுண்டு சுட்டதையும் சொன்னது. அதிகாரிகள் மீதும் காவலர்கள் மீதும் நடவடிக்கைக்குப் பரிந்துரைத்தது.

அந்தக் காவலரைத் திட்டுவது சுலபம். அவரும் ஒரு ஏழை வீட்டுப் பிள்ளைதான். நான் கேட்பது வேறு. அன்று காலை ஆயுதக் கிடங்கைத் திறந்து, பதிவேட்டில் எழுதி, அந்தத் துப்பாக்கியை எடுத்துக் கொடுத்த முடிவு யாருடையது? லத்தியும் கண்ணீர்ப்புகையும் போக வேண்டிய இடத்துக்கு, நொடிக்கு 830 மீட்டர் போகும் தோட்டா ஏன் போனது? சாவு மதியம் நடந்தது. அதற்கான சாத்தியம் காலையிலேயே கையெழுத்தாகிவிட்டது!

'முட்டிக்குக் கீழே' என்ற பேச்சையும் இங்கேயே தீர்த்துவிடுகிறேன். ஓடுகிற ஜனத்தின் காலைக் குறிபார்த்து அடிப்பது தேர்ந்த சுடுவீரனுக்கே அரிது. கால் தப்பினால் தோட்டா தரையில் பட்டுத் தெறித்து இன்னொருவர் மேல் பாயும். ஒரு சாண் மேலே தொடையில் பட்டால் அங்கே பெரிய ரத்தக்குழாய் ஓடுகிறது. அது அறுந்தால் சில நிமிடங்களில் உயிர் போய்விடும். வானத்தில் சுடுவதும் தீர்வல்ல. மேலே போனது எங்கோ ஒரு மொட்டை மாடியில் இறங்கும்.

"அப்படியானால் உயிர்க்கொல்லி அல்லாத ஆயுதம் கொண்டுவருகிறோம்" என்று காஷ்மீரில் 2010ல் பெல்லட் துப்பாக்கி கொண்டுவந்தார்கள். பறவை வேட்டைக்கான ரவை. ஒரே உறைக்குள் நூற்றுக்கணக்கான சின்னஞ்சிறு உருண்டைகள். இலேசானவை, தூரம் போனால் வேகம் செத்துவிடும். ஆனால் போகப் போக விரிந்து பரவும். யார் மேல் படும் என்று சுடுபவனுக்கே தெரியாது. தோலில் பட்டால் புள்ளி. கண்ணில் பட்டால் இருட்டு! 2016ல் மட்டும் ஸ்ரீநகர் மருத்துவமனைக்குக் கண் காயத்தோடு வந்தவர்கள் நூற்றுக்கணக்கானோர். ஜன்னல் வழியே எட்டிப்பார்த்த சிறுமியும் அதில் ஒருத்தி. மெதுவான, சின்னத் தோட்டா என்றால் இரக்கமுள்ள தோட்டா என்று அர்த்தமல்ல.

நம் நபி (ஸல்) அவர்கள் அம்பைப் பற்றிச் சொன்னது இந்த இடத்தில் நினைவுக்கு வருகிறது. பள்ளிவாசல் வழியாகவோ கடைவீதி வழியாகவோ அம்போடு போகிறவர், யாருக்கும் காயம் பட்டுவிடாதபடி அதன் முனையைக் கையால் பிடித்துக்கொள்ள வேண்டும் என்பது அவர்கள் இட்ட கட்டளை. புகாரியில் இருக்கிறது. எய்வதைப் பற்றிய கட்டளை அல்ல இது. ஜனம் நடமாடும் இடத்தில் ஆயுதத்தைக் கொண்டுபோவதைப் பற்றியது! போரிலேகூட உடலைச் சிதைப்பதை, முஸ்லா என்று சொல்வோமே, அதைத் தடுத்தார்கள். உலக நாடுகளும் இதே பாதைக்குத்தான் வந்தன. 1868ல் பீட்டர்ஸ்பர்க்கில் வெடிக்கும் தோட்டாவைத் தடுத்தார்கள், 1899ல் ஹேக், 1990ல் ஹவானாவில் ஐ.நா. வகுத்த கோட்பாடுகளில், தேவையற்ற காயம் உண்டாக்கும் துப்பாக்கியையும் தோட்டாவையும் போலீஸுக்குத் தடைசெய்ய வேண்டும் என்று எழுதினார்கள்.

நாம் செய்ய வேண்டியது என்ன? சட்டப்படி கேட்க வேண்டியதைக் கேட்க வேண்டும். கூட்டத்தைக் கலைக்கும் அதிகாரம் முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டம் 129ஆம் பிரிவில் இருந்தது. 2024 ஜூலை முதல் புதிய சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 148ஆம் பிரிவில் இருக்கிறது. எண்தான் மாறியிருக்கிறது. பந்தோபஸ்துக்குப் போகும் படையிடம் ராணுவ ரைபிள் கொடுக்கக்கூடாது என்று மாவட்ட நிர்வாகத்திடம் முன்கூட்டியே மனுக் கொடுப்பதை எந்தச் சட்டமும் தடுக்கவில்லை. இன்ஷா அல்லாஹ் அந்த மனுவை நம் கிளை கொடுக்கும். நெசவாளர் சங்கத்தாரையும் மற்றச் சமுதாயத்தாரையும் கையெழுத்துக்கு அழைத்திருக்கிறோம்.

அல்லாஹ் காப்பாற்ற வேண்டும், அப்படி ஒரு நிலை வந்துவிட்டால்: போலீஸ் மோதல் சாவுகளுக்கு உச்ச நீதிமன்றம் 2014 செப்டம்பரில் தந்த தீர்ப்பில், பிரேதப் பரிசோதனையை இரண்டு மருத்துவர்கள் செய்ய வேண்டும், வீடியோ எடுக்க வேண்டும், சுட்ட ஆயுதத்தைத் தடய அறிவியல் சோதனைக்கு ஒப்படைக்க வேண்டும் என்று இருக்கிறது. அதே முறையைக் கேளுங்கள். தோட்டா உடம்பில் தங்கியிருக்கிறதா, எக்ஸ்ரே எடுத்தார்களா என்று கேளுங்கள். அந்தத் தோட்டாவும் அது கிளம்பிய துப்பாக்கியும் கைரேகைபோல ஒன்றையொன்று காட்டிக்கொடுக்கும்.

காயம்பட்டவரின் சட்டையைத் துவைக்காதீர்கள்! துக்கத்தில் தாய்மார்கள் முதலில் செய்வது அதுதான். நிழலில் உலர்த்திக் காகிதத்தில் மடித்து வையுங்கள். பிளாஸ்டிக் பையில் போட்டால் புழுங்கிக் கெட்டுவிடும். தோட்டா நுழைந்த இடத்தில் நூல் முனைகள் உள்நோக்கி இருக்கும், ஓரத்தில் கருப்பு வளையம் படிந்திருக்கும். வெளியேறிய இடத்தில் நூல் வெளிநோக்கிப் பிய்ந்திருக்கும். முன்னால் சுட்டானா முதுகில் சுட்டானா என்று அந்தத் துணி சொல்லும். பாவும் ஊடையும் அறிந்த ஊருக்கு இதை நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

உயிர் இருக்கும்போது செய்ய வேண்டியது அதைவிட முக்கியம். சுத்தமான துணியைச் சுருட்டிக் காயத்தின்மேல் வைத்துப் பலம்கொண்டமட்டும் அழுத்துங்கள். எடுத்து எடுத்துப் பார்க்காதீர்கள். கை கால்களில் ரத்தம் நிற்காவிட்டால் காயத்துக்கு மேலே இறுக்கிக் கட்டி, கட்டிய நேரத்தைக் குறித்து வையுங்கள். முன்னால் சின்னத் துளை இருக்கிறது என்று ஏமாறாதீர்கள், முதுகையும் பாருங்கள். பெரிய காயம் பின்னால் இருக்கலாம். தோட்டாவை நோண்டாதீர்கள். தண்ணீர் கொடுக்காதீர்கள். "போலீஸ் கேஸ், எடுக்கமாட்டோம்" என்று எந்த மருத்துவமனையும் திருப்பியனுப்ப முடியாது. உச்ச நீதிமன்றம் 1989லேயே அதைச் சொல்லிவிட்டது. அந்தத் தீர்ப்பின் தமிழ்ச் சுருக்கத்தை அச்சடித்து வாசலில் வைத்திருக்கிறோம், வீட்டுக்கு ஒன்று எடுத்துச் செல்லுங்கள்.

வரும் ஞாயிறு அஸருக்குப் பிறகு இதே இடத்தில் முதலுதவிப் பயிற்சி நடக்கிறது. அரசு மருத்துவமனையில் பணியாற்றி ஓய்வுபெற்ற மருத்துவர் ஒருவர் வந்து சொல்லித்தருகிறார். பெண்களுக்குத் தனி இடம் உண்டு. மற்றச் சமுதாயத்து நண்பர்களையும் அழைத்து வாருங்கள். பெயர் கொடுப்பவர்கள் இஷாவுக்கு முன்பே கிளைச் செயலாளரிடம் கொடுத்துவிடுங்கள்; ஆள் கணக்குப் பார்த்துத்தான் கட்டுத்துணி வாங்க வேண்டும்.

வஸ்ஸலாம்.